கார் வீல் நட்டு கழற்ற எந்த ஸ்பேனர்? தப்பினால் உயிருக்கே உலை

நாகர்கோவில்:
மழையில் ஆரல்வாய்மொழி ரோட்டில் கார் பஞ்சரானால் கை கொடுப்பது சரியான ஸ்பேனர்தான். நம்மூர் கார்களில் ஒரு சக்கரத்துக்கு 4 அல்லது 5 நட்டு. 17, 19, 21 மி.மீ. அளவுகளே அதிகம். 6 முனை பாக்ஸ் ஸ்பேனர் என்றால் நட்டு மழுங்காது.

ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரத்துக்கு கல் முட்டு கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை லேசாக தளர்த்தி, அப்புறம்தான் ஜாக்கி. மாட்டும்போது எதிரெதிர் நட்டாக இறுக்க வேண்டும். ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தால் போல்ட் முறியும். லூசாக விட்டால் சக்கரமே கழன்று ஓடும். டார்க் ரெஞ்ச் இருந்தால் இந்த பயமில்லை.

போர்ஷே 911 ஜி.டி.3 காரில் சக்கரத்தின் நடுவில் ஒரே பெரிய நட்டு. அதற்கு சுமார் 600 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். நம்மூர் சின்ன காருக்கு சுமார் 100தான். எனவே அதை சாதாரண ஸ்பேனரால் தொடவே கூடாது.

எந்த காரானாலும் 50 கி.மீ. ஓடியதும் நட்டை மறுபடி பார்த்துவிட வேண்டும்.