நடு எஞ்சின் காரும் மாருதி 800-உம்: கோவையில் பிறந்த பந்தயக் கார்கள்

ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னாலும் பின் அச்சுக்கு முன்னாலும் எஞ்சினை வைத்துக் கட்டப்படும் காரை நடு எஞ்சின் கார் என்பர். பாகங்களை விலைக்கு வாங்கி, உரியவரே கோத்துக்கொள்ளும் காருக்குக் 'கிட் கார்' என்று பெயர். இங்கிலாந்தில் இவ்விரண்டும் சேர்ந்து ஒரு பெரிய பொழுதுபோக்காகவே வளர்ந்தன. இந்தியாவில் உள்ளூர்ப் பாகங்களைக் கொண்டு இத்தகைய கார்களைக் கட்டிப் பலர் ஓட்டும்படி செய்தவர்களில் முதன்மையானவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன். அவருடைய முயற்சி 1980களின் பிற்பகுதியில் கைகூடியது. அதற்கு முன் அது ஏன் கடினமாக இருந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். விடை எஞ்சினில் இல்லை, அதனோடு ஒட்டிய கியர் பெட்டியில் இருக்கிறது.

எஞ்சின் ஏன் நடுவில்?

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எங்கள் மலையில் பேருந்து ஓட்டுபவர்களைக் கேட்டால், வண்டியின் எடை எங்கே இருக்கிறது என்பது வளைவில்தான் தெரியும் என்பார்கள். வகுப்பில் இதற்கு நான் காவடியை எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. தண்டின் இரு நுனிகளிலும் குடங்களைக் கட்டிக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், தண்டு திரும்ப மறுக்கும். திரும்பியபின் நிற்க மறுக்கும். அதே குடங்களைத் தோளுக்கு அருகில் நகர்த்தினால் எளிதாகச் சுழலலாம். எடை மாறவில்லை, அது இருக்கும் இடம்தான் மாறியது. காரில் மிகக் கனமான பாகம் எஞ்சின். அதை இரு அச்சுகளுக்கும் இடையே கொண்டுவந்தால் கார் விரைவாகத் திரும்பும். இயக்கும் பின் சக்கரங்களின் மேல் எடை கூடுவதால் அவை தரையை நன்கு பற்றும்.

1946-இல் இங்கிலாந்தின் கூப்பர் நிறுவனத்தார் 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் வைத்து, சங்கிலியால் பின் சக்கரங்களைச் சுழற்றிச் சிறு பந்தயக் கார் செய்தனர். 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஜாக் பிரபாம் கூப்பர் காரில் பார்முலா 1 உலகப் பட்டம் வென்றார். சில ஆண்டுகளுக்குள் முன் எஞ்சின் பந்தயக் கார்கள் அந்தக் களத்திலிருந்தே மறைந்துவிட்டன.

கூப்பர் நிறுவனத்தார் தம் கார்களுக்குக் கியர் பெட்டியை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரான்சின் சித்ரோன் என்ற முன்சக்கர இயக்கக் குடும்பக் காரிலிருந்து எடுத்துத் திருத்திக்கொண்டார்கள். முன்சக்கர இயக்கக் காரில் கியர் பெட்டியும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் டிபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். எஞ்சினோடு அதைச் சேர்த்தால் முழு இயக்கத் தொகுதியும் ஒரே கட்டியாகக் கிடைத்துவிடும். அந்தக் கட்டியைப் பின்னால் நகர்த்தினால் நடு எஞ்சின் கார்.

நகர்த்துவதிலும் ஒரு கண்ணி உண்டு. 1966-இல் வந்த லோட்டஸ் யூரோப்பா, ரெனோ 16 காரின் தொகுதியைப் பயன்படுத்தியது. அது நீளவாக்கில் அமைந்த தொகுதி என்பதால் முன்பின்னாகத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. அப்படியே வைத்தால் காருக்குப் பின்னோக்கி நான்கு கியரும் முன்னோக்கி ஒரு கியரும் இருக்கும்! ஆகவே டிபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்தை எதிர்ப்பக்கம் மாற்றினார்கள். 1972-இல் பியட் எக்ஸ் 1/9 காருக்கு இத்தொல்லை இல்லை. அதற்கு மூலமான பியட் 128-இல் எஞ்சின் குறுக்குவாக்கில் இருந்தது. குறுக்கு எஞ்சினைத் திருப்பாமல் நேராகப் பின்னுக்குக் கொண்டுபோகலாம், சக்கரங்கள் சரியான திசையிலேயே சுழலும்.

1983 வரை இந்தியாவில்

நம் நாட்டில் அப்போது கிடைத்த கார்கள் அம்பாசடர், பியட் (பின்னர் பிரீமியர் பத்மினி), சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த ஹெரால்டு ஆகியவை. மூன்றிலும் எஞ்சினும் கியர் பெட்டியும் முன்னால், டிபரன்ஷியல் பின்னால், இடையே நீண்ட புரொப்பெல்லர் தண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களுக்காக இக்கார்களின் எஞ்சின்களைச் சென்னை, கோவைப் பட்டறைகள் திறம்படச் சீர்செய்தன. ஆனால் அந்த எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் வைத்தால் கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் இடையே தண்டு வைக்கக்கூட இடம் இருக்காது. உரிய கியர் பெட்டியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். இறக்குமதி உரிமமும் சுங்க வரியும் இருந்த அக்காலத்தில் அது வசதி படைத்தோர்க்கே இயலும். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் பார்முலா 1 காரையே சோழவரத்தில் ஓட்டினார் என்பது அன்றைய இடைவெளியைக் காட்டும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, ஏறக்குறைய 39 குதிரைத்திறன். எண்களைப் பார்த்தால் பந்தயத்துக்கு ஆகும் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் நாட்டில் பெருமளவில் கிடைத்த முதல் முன்சக்கர இயக்கக் கார் அதுதான். குறுக்குவாக்கில் வைத்த எஞ்சின், நான்கு கியர் பெட்டி, டிபரன்ஷியல் எல்லாம் ஒரே கட்டி. எந்த ஊர்க் கடையிலும் உதிரிபாகம் கிடைக்கும். என் கணிப்பில் இந்தியப் பந்தயக் கார் வரலாற்றின் திருப்பம் இந்தக் குடும்பக் கார்தான்.

கோவை லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவரும் தாமே பந்தய ஓட்டுநருமான கரிவரதன் இத்தொகுதியை இருக்கைக்குப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டினார். இவை பார்முலா மாருதி என்றும், 'பார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின்' என்பதன் சுருக்கமாகப் 'பிஸ்மி' என்றும் அழைக்கப்பட்டன.

இங்கே மாணவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று: 1984-இல் வந்த மாருதி வேனிலும் இதே 796 சிசி எஞ்சின்தானே, அதுவும் முன் இருக்கைக்கு அடியில்தானே இருக்கிறது? உண்மைதான். ஆனால் வேனில் எஞ்சின் நீளவாக்கில் அமைந்து, தண்டின் வழியாகப் பின் அச்சை இயக்குகிறது. டிபரன்ஷியல் தனியாகப் பின்னால் இருக்கிறது. எஞ்சின் ஒன்றே ஆனாலும் நடு எஞ்சின் பந்தயக் காருக்கு வேனின் அமைப்பு உதவாது. 'இந்த எஞ்சின் பொருந்துமா' என்று கேட்பதைவிட 'இந்தக் கியர் பெட்டி பொருந்துமா' என்று கேட்பதே சரி.

மவுண்டிங்: சுமை எங்கே விழுகிறது?

எஞ்சினைச் சட்டகத்தோடு பிணைக்கும் ரப்பர் வைத்த தாங்கிகளை மெக்கானிக்குகள் 'எஞ்சின் மவுண்டிங்' என்பர். அதன் வேலை எடையைத் தாங்குவது மட்டும்தான் என்று பலர் எண்ணுகின்றனர். சக்கரத்தைச் சுழற்றும்போது எதிர்த்திசையில் எஞ்சின் உருள முயலும். அதைப் பிடித்து நிறுத்துவதும் மவுண்டிங்கே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாருதி 800 எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 60 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் பல்சக்கரங்கள் அதை ஏறத்தாழ 15 மடங்காக்குகின்றன. அச்சில் வருவது 900. அம்பாசடர் போன்ற காரில் கியர் பெட்டி பெருக்கிய பங்கை மட்டுமே எஞ்சின் மவுண்டிங் தாங்கும். டிபரன்ஷியல் பெருக்கிய பங்கைப் பின் அச்சின் பட்டைச் சுருள்கள் தாங்கும். ஒரே கட்டியான மாருதித் தொகுதியிலோ அந்த 900 முழுவதும் மவுண்டிங்குகள் மேலேயே விழுகிறது. அதனால்தான் சிறிய எஞ்சின் என்று எண்ணி மெல்லிய தகட்டில் பிராக்கெட் வெட்டி ஒட்டவைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

மலையில் இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டிய ஜீப் ஒன்றில், மிளகு மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் எடுத்தபோது பற்றவைத்த பிராக்கெட் விட்டுப்போனது. எஞ்சின் ஒருபக்கம் சாய, விசிறி ரேடியேட்டரைக் கிழித்தது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பிராக்கெட்டைச் சட்டத்தின் வலுவான இணைப்பில் வைக்காமல் வெறும் நடுப்பகுதியில் பற்றவைத்திருந்தார்கள். பந்தயக் காரின் குழாய்ச் சட்டகத்துக்கும் இதே விதி: குழாய்கள் கூடும் முனையில்தான் மவுண்டிங் அமைய வேண்டும்; ஒற்றைக் குழாயின் நடுவில் வைத்தால் குழாய் வளையும்.

ரப்பரின் கடினமும் ஒரு சிக்கல். மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பாகவே முனைக்கு முனை ஆடும். சாலைக் காரில் மென்மையான ரப்பர் அந்த ஆட்டத்தை விழுங்கிவிடும். பந்தயக் காரில் அதே ரப்பரை வைத்தால், எஞ்சின் அசைய அசைய நீண்ட கியர் கம்பியும் அசைந்து, கியர் தவறி விழும். கெட்டியாக்கினால் கியர் ஒழுங்காக விழும், ஓட்டுநரின் முதுகு அதிரும். பந்தயத்தில் பெரும்பாலும் முதுகுதான் விட்டுக்கொடுக்கிறது.

இவற்றோடு, முன்பு திரும்பும் சக்கரங்களாக இருந்தவை இப்போது பின் சக்கரங்கள் ஆகிவிட்டதால், அவற்றின் ஸ்டீயரிங் கைகளை நிலையான கம்பிகளால் பூட்ட வேண்டும். ரேடியேட்டரை முன்னால் வைத்தால் நீண்ட குழாயில் காற்று அடைத்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னர்

நாராயண் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் தம் முதல் பந்தயத்தைப் பார்முலா மாருதி காரில்தான் ஓட்டினார். அதிலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். 2005 மார்ச் 6 அன்று மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். 2010-இல் இரண்டாமவராக அங்குச் சென்ற சென்னையின் கருண் சந்தோக், 2000-ஆம் ஆண்டின் பார்முலா மாருதிப் பட்டம் வென்றவர். இவ்விருவரும் பார்முலா 1-இல் ஓட்டியதைக் கரிவரதன் காணவில்லை. 1995-இல் வானூர்தி விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட 2.1 கி.மீ. பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்வந்த எல்ஜிபி பார்முலா கார்களும் ஸ்விப்ட் காரின் 1.3 லிட்டர் எஞ்சினைக் கொண்டு அதே வழியில் கட்டப்பட்டன.

இக்கார்கள் தடத்தைவிட்டுச் சாலைக்கு வரமுடியாததற்குச் சட்டமே காரணம். புதிய வண்டி எதுவும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் தேற வேண்டும். பதிவான வண்டியை மாற்றிக் கட்டுவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இங்கிலாந்தில் தனியொருவர் கட்டிய காரை ஆய்வுசெய்து பதிவுசெய்யும் முறை உண்டு. இங்கே அப்படி ஒரு வாயில் இல்லாததால் கிட் கார் தொழில் வேரூன்றவில்லை. இது ஓர் இழப்பு என்றே நான் கருதுகிறேன், எங்கள் ஜீப்பின் கதையைச் சொன்ன பிறகும்.

பெரிய நிறுவனங்களின் முயற்சிகளும் எளிதாக அமையவில்லை. 2012 தில்லி வாகனக் கண்காட்சியில் வந்த டிசி அவந்தி, ரெனோவின் 2 லிட்டர் எஞ்சினை நடுவில் கொண்டது. 2017-இல் ஜெனீவா கண்காட்சியில் டாடா நிறுவனம் காட்டிய ரேஸ்மோ, 1.2 லிட்டர் டர்போ எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் கொண்டிருந்தது. அதற்கும் சிலிண்டர் மூன்றே. அது விற்பனைக்கு வரவேயில்லை.