குருநகரின் ஒளிநாடாக்களும் அவற்றை ஓட்டும் கருவியும்

வரலாறு எழுத முனைவோன் நாடும் சான்றுகள் பல. கல்வெட்டு, செப்பேடு, பனையோலை ஏடு, அச்சிட்ட தாள் என அவை விரியும். இவை யாவற்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. கண்ணும் எழுத்தறிவும் இருந்தால் இவற்றைப் படித்துவிடலாம். ஏட்டைச் செல்லரித்தாலும், அரித்த இடம் போக எஞ்சியது எஞ்சியே நிற்கும்.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் இல்லங்களுக்கு வந்து சேர்ந்த ஒளிநாடாவோ அத்தகையதன்று. வீடியோ கசெற் என்று நாம் சொல்லும் அதனைத் திறந்து வெளிச்சத்திற் பிடித்தால் கரிய நாடாவன்றி வேறெதுவும் தெரியாது. அதிலிருப்பது காந்தத்தில் எழுதிய எழுத்து. அதனை வாசிக்க வல்லது ஒரு பொறி மட்டுமே. பொறி மறைந்தால் நாடா இருந்தும் இல்லாததே ஆகும். ஆதலின், பழுதுற்ற பழைய நாடாக்களை மீட்பதற்கு எந்தக் கருவியைத் தெரிந்தெடுப்பது என்னும் வினா வரலாற்றைக் காப்போரின் வினாவாகவும் ஆகிவிட்டது. யாழ்ப்பாண நகரின் தென்கரையிலுள்ள குருநகரை முன்வைத்து அதனை இன்று ஆராய்வோம்.

கரையூர் என முன்னாளில் வழங்கிய குருநகர், கடனீரேரியை நோக்கி அமைந்த கடற்றொழிலாளர் ஊர். புனித யாகப்பர் ஆலயம் அவ்வூரின் நடுநாயகம். கத்தோலிக்க மரபில் வளர்ந்த தென்மோடி நாட்டுக்கூத்து இக்கரையோர ஊர்களின் கலைச்செல்வம். அண்ணாவியார் வாயிலிருந்து மாணாக்கன் செவிக்கு இறங்கி வந்த கலை அது. கூத்தின் பாடல் ஏட்டில் எழுதப்பெறலாம். அண்ணாவியார் இராகத்தை இழுத்த விதத்தையும், ஆட்டத்திற் கால் பெயர்ந்த முறையையும் ஏடு தாங்காது. அவற்றைத் தாங்க வல்லது ஒலியும் ஒளியும் சேர்ந்த பதிவே.

இலங்கை ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரி 15ஆம் நாள். அந்தப் பத்தாண்டிலேதான் வீடியோ டெக்கும் ஒளிப்பதிவுக் கருவியும் குடாநாட்டில் பரவின. வாடகைக்குத் தொலைக்காட்சியும் டெக்கும் கொணர்ந்து, மின்பிறப்பாக்கி வைத்து, விடியும்வரை படம் ஓட்டிய இரவுகளை நேயர்களிற் பலர் அறிவர். திருமண வீட்டிலும் திருவிழாவிலும் செத்த வீட்டிலும் வீடியோக்காரர் வந்து நின்றார். வெளிநாடு சென்ற பிள்ளைக்கு ஊரைக் காட்டுவதற்கென்றே கசெற்றுகள் அனுப்பப்பட்டன.

அதே ஆண்டுகள் போரின் ஆண்டுகளுமாயின. 1986 யூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலிலே முப்பதுக்கும் மேற்பட்ட மீனவர் கொல்லப்பட்டனர். குருநகர் அன்று அழுத அழுகையை அவ்வூர் மறக்கவில்லை. 1993 நவம்பர் 13ஆம் நாள் வான்வழிக் குண்டுவீச்சிலே புனித யாகப்பர் ஆலயம் சிதைந்து, மக்கள் மாண்டனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் தொடங்கிய பேரிடப்பெயர்வில் வலிகாமமும் யாழ் நகரும் வெறுமையாயின. ஓடிய மக்கள் எடுத்துச் சென்ற பொதிகளில் இடம்பெறாதவை எத்தனையோ. இன்று ஒரு வீட்டின் அலுமாரியில் எஞ்சியிருக்கும் கசெற் ஒன்றிலே, மறைந்த ஒருவர் நடப்பதும் சிரிப்பதும் பேசுவதும் இருக்கலாம். அதற்கு மறுபிரதி இல்லையேல், அவரைக் காண உலகில் வேறு வழியில்லை. 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது, ஒற்றைப் பிரதி அழிவதன் பொருள் யாதென நாம் கற்றுக்கொண்டோமல்லவா?

இனிக் கருவியின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். செயன்முறையில் வெற்றி கண்ட முதல் ஒளிநாடாப் பொறியை அம்பெக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 1956 ஏப்பிரலில் சிக்காகோவிற் காட்டியது. இரண்டு அங்குல அகல நாடாவிலே இயங்கிய அப்பொறி நிலையங்களுக்கே உரியதாயிருந்தது. 1971இல் யப்பானின் சோனி நிறுவனம் யூமாற்றிக் என்னும் கசெற் முறையை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1975இல் பீற்றாமக்ஸ் வந்தது. 1976இல் ஜேவிசி நிறுவனம் வெளியிட்ட விஎச்எஸ் முறையே ஈற்றில் உலகின் வீடுகளை வென்றது. குடாநாட்டு அலுமாரிகளில் இன்று காணக்கூடியவற்றிற் பெரும்பாலன அவ்வகையினவே.

விஎச்எஸ் டெக்கின் உள்ளே 62 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளை ஒன்று சரிந்து நிற்கும். நம் நாட்டில் வழங்கும் பால் முறையிலே அது வினாடிக்கு 25 முறை சுழலும். அதன் விளிம்பிலுள்ள நுண்ணிய காந்தத் தலைகள், அரை அங்குல நாடாவிலே சாய்வான கோடுகளைக் கீறிச் செல்லும். நாடா நகர்வது வினாடிக்கு 23 மில்லிமீற்றர் அளவே. உருளை விரைந்து சுழல்வதால் தலைக்கும் நாடாவுக்குமுள்ள வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.85 மீற்றர் ஆகிறது. ஒவ்வொரு கோட்டின் அகலமும் 49 மைக்ரோன். மனிதத் தலைமயிரிலும் மெலிது. ஓட்டும் டெக்கின் தலை அந்தக் கோட்டின்மீதே ஓடவேண்டும். சற்று விலகினும் படத்தில் வெண்பட்டை விழும்.

இவ்வளவு நுண்மையான பொறியைச் செய்வோர் இன்று இல்லை. இறுதிவரை வீட்டு டெக்குகளைச் செய்துவந்த யப்பானிய ஃபுனாய் நிறுவனம் 2016 யூலையுடன் அத்தொழிலை நிறுத்தியது. இன்று கிடைப்பவை யாவும் பழையவையே. தேய்ந்த தலையும், இறுகிய இறப்பர் உருளையும், தளர்ந்த பட்டியும் உள்ளவை அவை. அவுஸ்திரேலிய தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம், 2025க்குள் எண்ணிமப்படுத்தப்படாத நாடாக்களிற் பல இழக்கப்படும் என 2015இலேயே எச்சரித்தது. அந்த ஆண்டும் கடந்துவிட்டது. செல்வமும் அறிவும் மிக்க நாசாவே, 1969இல் மனிதன் நிலவில் நடந்த காட்சியின் மூலத் தரவு நாடாக்களைத் தேடியபோது, அவை அழிக்கப்பட்டு மீளப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்றே முடிவு கண்டது. தொலைக்காட்சி நிலையங்களில் எஞ்சிய பிரதிகளிலிருந்தே 2009இல் அக்காட்சியைச் செப்பனிட்டது. அத்தகையோர்க்கே அது நேர்ந்ததாயின், நாம் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்!

கருவியைத் தெரியுமுன் நாடாவைத் தெரிதல் வேண்டும். எந்த மீனுக்கு எந்த வலை என்பதைக் குருநகர் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாடாவின் நிலையும் அதுவே. முதலில் நாடா எந்த முறையில் எழுதப்பட்டது எனக் காணவேண்டும். இலங்கை, இந்தியா, இங்கிலாந்து, ஜேர்மனி, நோர்வே, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளிற் பதிவானவை 625 வரிகளும் வினாடிக்கு 25 படங்களும் கொண்ட பால் முறையின. கனடாவிலிருந்து வந்தவை 525 வரிகள் கொண்ட என்ரிஎஸ்சி முறையின. பிரான்சில் பதிவானவை செக்காம் முறையினவாயிருக்கலாம். அவற்றைப் பால் டெக்கில் இட்டால் நிறம் தோன்றாது. புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் பெட்டியிலே இம்மூன்றும் கலந்து கிடப்பது இயல்பு. ஒரே டெக்கு யாவற்றுக்கும் போதுமென்று எண்ணுவது தவறு. கனடாவிலிருந்து டெக் தருவிப்போர் அது 120 வோல்ற்றில் இயங்குவது என்பதையும், நமது 230 வோல்ற் மின்சாரத்துக்கு மின்மாற்றி வேண்டுமென்பதையும் மறத்தலாகாது.

அடுத்து, நாடாவின் நலம். உப்புக்காற்றும் ஈரமும் நிறைந்த கரையோர ஊரிலே நாடாவுக்குப் பெரும்பகை பூஞ்சணம். கசெற்றின் சாளரத்தினூடே பார்த்தால், சுற்றிய நாடாவின் விளிம்பிலே வெண்பொடிபோல் அது தெரியும். அத்தகைய நாடாவை எந்த டெக்கிலும் இடுதல் கூடாது. இட்டால் தலை அடைபடும், நாடா கிழியும். பின்னர் அதே டெக்கில் இடப்படும் நல்ல நாடாவுக்கும் நோய் தொற்றும். உலரவைத்து, திறந்த இடத்தில் முகக்கவசம் அணிந்து துப்புரவாக்கிய பின்னரே ஓட்டுதல் வேண்டும். கூடு உடைந்திருந்தால் நாடாவை நல்ல கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டும் தன்மை அடைந்த நாடாவைக் குறைந்த வெப்பத்தில் வாட்டும் முறை ஒன்றுண்டு. அது சில வகை நாடாக்களுக்கே உரியது. வீட்டு அடுப்பிலே செய்யத் தக்கதன்று.

இவ்வளவுக்கும் பின்னரே டெக்கைத் தெரிதல். உயர்விலையுள்ளதே உயர்ந்தது எனப் பலர் கருதுவர். எஸ்-விஎச்எஸ் வகை டெக்குகள், நிறத்தையும் ஒளியையும் வேறு வேறாக வெளியிடும் இணைப்பு உடைமையால் நன்மை தருவன என்பது மெய்யே. 1990களில் வந்த பனசோனிக் என்வி-எஃப்எஸ்200 போன்றவற்றிலே காலத் திருத்தியும் உண்டு. பழைய நாடா நீண்டும் சுருங்கியும் இருப்பதால் படத்தின் வரிகள் ஒரே நேரத்தில் தொடங்கா. நேர்க்கம்பம் அலைபோல் நெளியும், படத்தின் மேற்பகுதி கொடியெனச் சாயும். வரிகளை ஒழுங்குபடுத்தி அதனை நிமிர்த்துவது காலத் திருத்தியின் பணி. ஆயினும், அத்தகைய டெக்குகளில் மின்தேக்கிகள் கசிந்து பழுதானவை பல. செப்பனிடப்படாத உயர்ந்த டெக்கிலும் செப்பனிட்ட எளிய டெக்கு மேல்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கல்யாண வீட்டில் பதிவெடுத்த கருவியே சற்றுப் பிசகியிருந்தால், அதன் கோடுகளும் பிசகியே இருக்கும். அந்த நாடாவைச் சிறந்த டெக்கு ஏற்க மறுக்க, பழைய எளிய டெக்கு ஒன்று ஏற்று ஓட்டுவதும் உண்டு. நீண்ட நேரம் பதிவதற்காக அரைவேகத்தில் எழுதப்பட்டவற்றில் கோட்டின் அகலம் பாதியாகிவிடுவதால் இந்தத் தொல்லை மிகும். ஆகவே, வேறுபட்ட இரண்டு மூன்று டெக்குகளை வைத்திருத்தலே அறிவுடைமை. ஒலியையும் கவனித்தல் வேண்டும். நாடாவின் ஓரத்தில் எழுதிய ஒலி ஒன்று, சுழலும் தலைகளால் எழுதிய ஒலி மற்றொன்று; கூத்தின் பாடலுக்கு இரண்டில் எது தெளிவோ அதனைக் கேட்டறிந்து கொள்ளல் வேண்டும்.

எந்த டெக்காயினும், அரிய நாடாவை முதன்முதல் அதில் இடுதல் ஆகாது. தேவையற்ற கசெற் ஒன்றை ஓட்டிப் பார்த்து, நாடா மடிகிறதா, விளிம்பு நசிகிறதா என ஆராய்ந்த பின்னரே இடுதல் வேண்டும். நலிந்த நாடா ஒரு முறையே ஓடும் வலிமையுடையதாயிருக்கலாம். அந்த ஒரு முறையிலேயே பதிவு முற்றுப்பெறவேண்டும்.

எண்ணிமமாக்கும்போது, சிறு கோப்பாகச் சுருக்கித் தரும் கடைப் பழக்கத்தை முதற்பிரதிக்கு ஏற்றல் நன்றன்று. சுருக்கத்தில் இழந்ததைப் பின்னர் மீட்க இயலாது. சுருக்காத பால் பதிவு, பத்துப் பிற்று அளவிலே, மணிக்கு ஏறத்தாழ 93 கிகாபைற் இடம் கொள்ளும். எஃப்எஃப்வி1 என்னும் இழப்பில்லா முறையிலே தரம் குன்றாமல் அவ்விடத்தைப் பெரிதும் குறைக்கலாம். அம்முதற்பிரதியைக் குறைந்தது இரண்டு இடங்களில் வைத்து, உறவினர்க்கு அனுப்பச் சிறு பிரதி ஒன்று செய்துகொள்ளலாம். பணி முடிந்தபின் நாடாவை எறிந்துவிடலாமா எனக் கேட்பர். கூடாது. சுழலும் தலை பற்றும் மூல அலையையே நேராகப் பதிந்து, கணினியாற் படமாக்கும் புதுமுறைகள் இந்நாளில் வளர்ந்து வருகின்றன. இன்று தெளியாதது நாளை தெளியலாம்.

நேயர்களே, இது தனியொருவர் தோளில் ஏற்றத்தக்க சுமையன்று. ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் பணியை நூலக நிறுவனம் 2005 முதல் ஆற்றி வருகின்றது. அதன் திரட்டிலே ஒலி, ஒளி ஆவணங்களும் இடம்பெறுகின்றன. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போன்றவை அரங்கேற்றிய கூத்துகளும் திருப்பாடுகளின் நாடகங்களும் எங்கெங்கோ நாடாக்களிற் பதிந்திருத்தல் கூடும். ஊருக்கு ஊர் பங்கு மக்களும் சனசமூக நிலையத்தாரும் கூடி, வீடுகளில் உள்ள நாடாக்களுக்கு ஒரு பட்டியல் செய்யலாம். எவருடைய நாடா, எந்த ஆண்டு, யார் யார் அதில் உள்ளனர் என்பதை முதியோரிடம் கேட்டு இன்றே எழுதி வைக்கலாம். பெயர் தெரியாத முகம் மீட்கப்பட்டும் மீட்கப்படாததே. மறுபிரதி இல்லாதது முதலில், பூஞ்சணம் தொடங்கியது அடுத்து, நலமாயுள்ளது பிறகு என வரிசை வகுத்துக்கொண்டால், உள்ள சில டெக்குகளின் எஞ்சிய ஆயுள் வீண்போகாது.

அந்த ஆயுள் மிக நீண்டதன்று. புதிய தலை செய்வார் இல்லாத நிலையில், ஓடும் ஒவ்வொரு மணியும் தேய்வே. எந்த நாடாவுக்காக அந்தத் தேய்வைச் செலவிடுவது என்பதை அந்தந்த ஊராரே தீர்மானித்தல் வேண்டும். குருநகரிலோ மயிலிட்டியிலோ ரொறன்ரோவிலோ உங்கள் அலுமாரியின் மேற்றட்டில் அத்தகைய கசெற் ஒன்று இருக்குமாயின், அதனை இப்பொழுது டெக்கில் இடவேண்டாம். கீழே இறக்கி, தூசு துடைத்து, நிமிர்த்தி உலர்ந்த இடத்தில் வைத்து, அதன்மேல் ஆண்டையும் பெயர்களையும் எழுதுங்கள். தொடக்கம் அதுவே.