மரம், கடை, மனை: சிங்கப்பூர் மதுச் சட்டங்கள் வந்த வழி

மது உண்ணலாமா, ஆகாதா என்னும் கேள்வி தமிழருக்குப் புதியதன்று. சங்கப் புலவர்கள் கள்ளை விருந்தோம்பலின் அடையாளமாகப் பாடினர். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்குத் தனியதிகாரம் வகுத்தார். இஃது அறநூலின் கேள்வி. அரசின் சட்டம் கேட்பது வேறு. மதுவை யார் ஆக்குவது, எங்கே விற்பது, எவ்வளவு வைத்திருப்பது, அதனால் வரும் வருவாய் யாருக்கு என்பனவே அதன் கவலை. சிங்கப்பூரின் மதுச் சட்டங்களை வரிசையாக நோக்கின் இவ்வுண்மை புலப்படும்.

1981இல் திறக்கப்பெற்ற சாங்கி விமான நிலையத்தின் சுங்க வாயிலில் இன்று அச்சட்டத்தின் அளவுகோலை எவரும் காணலாம். 18 வயது நிரம்பி, 48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளிநாட்டில் இருந்துவிட்டு, மலேசியா அல்லாத நாட்டிலிருந்து வரும் பயணி தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய மது, 2019 ஏப்ரல் முதல் 2 லிட்டர். அதற்கு முன் 3 லிட்டர். இந்த அளவுகோல் விமான நிலையத்தினும் மிகப் பழமையானது.

ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால்வைத்த மறு ஆண்டே, 1820இல், வில்லியம் ஃபார்க்குவார் அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டார். குத்தகையாளர் அரசுக்குப் பணம் கட்டினார். விற்கும் உரிமை அவருக்கே உரியதாயிற்று. குடியின் வருவாயால் நகராட்சி நடந்தது. எனவே, ஒருவர் தம் குடிசையில் தாமே மதுவாக்கிக்கொள்வது உடல்நலக் கேடாகக் கருதப்படுமுன் வருவாய்க் கேடாகவே கருதப்பட்டது.

தமிழ்த் தொழிலாளரைப் பொறுத்தவரை மது என்றால் கள்ளே. 19ஆம் நூற்றாண்டில் காத்தோங் முதலான கிழக்குக் கடற்கரைப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் விரிந்திருந்தன. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிய சாறு வடியும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர்; தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்தில் தானே நொதித்துக் கள்ளாகும்; மேலும் வைத்தால் புளித்துக் காடியாகும். இதற்கு அடுப்பு வேண்டா, கொப்பரை வேண்டா. ஆகவே இதனைக் கட்டுப்படுத்த விரும்பிய அரசு மரத்தையே கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. சென்னை மாகாணத்தில் மரவரி வாங்கினர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உரிமமின்றிக் கள் இறக்குவது குற்றமாயிற்று. உரிமம் பெற்ற கடையில் காசு கொடுத்துக் குடிப்பது மட்டும் முறையாயிற்று.

இதிலுள்ள முரண்பாட்டைச் சீர்திருத்தத் தலைவர்கள் கண்டனர். 1932இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் தொழிலாளரின் தன்மதிப்பை வளர்க்க முற்பட்டன. அம்முயற்சியில் குடியொழிப்பும் ஒன்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கோரினர். குடிப்பவர் தரப்பிலிருந்தே எழுந்த கோரிக்கை இது. கொடுத்த கூலி கடை வழியாகத் திரும்பிப் போவதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

பின்னாளில் சிங்கப்பூரில் கள்ளுக்கடைகள் மறைந்தன. தோப்புகள் இருந்த நிலத்தில் வீடுகள் எழுந்தன. கள் இறக்குவோரும் இல்லாமற்போயினர். அதன் பிறகே, 2004இல், சட்டம் வீட்டின் பக்கம் திரும்பியது. பீர், திராட்சை மது போன்ற நொதித்த மதுவகைகளை உரிமமின்றி வீட்டில் ஆக்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. ஆக்குபவர் 18 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேற்படலாகாது, விற்றல் கூடாது, காய்ச்சி வடித்தலும் கூடாது. கடைசித் தடைக்குக் காரணம் உண்டு. நொதித்தலில் கிடைப்பது மென்மையான மது. வடித்தலிலோ எரிசாராயம் செறிவடையும். முறை தவறினால் நச்சும் தீயும் சேரும். சம்சு என்னும் கள்ளச்சாராயத்தால் நேர்ந்த துன்பங்களை மலாயாத் தமிழர் நன்கறிவர்.

இச்சலுகையின் மதிப்பை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 2014இல் உயர்த்தப்பட்ட விகிதப்படி, பீரில் அடங்கிய தூய எரிசாராயம் லிட்டருக்கு 60 வெள்ளி ஆயத்தீர்வை. நூற்றுக்கு 5 பங்கு எரிசாராயம் கொண்ட பீர் 30 லிட்டரில் அஃது ஒன்றரை லிட்டர். தீர்வை 90 வெள்ளி. இத்தொகையை அரசு விட்டுக்கொடுத்தது. பிரிட்டன் 1963இல் வீட்டுப் பீருக்கு உரிமம் வேண்டா என்றது; அமெரிக்க ஒன்றியம் 1978இல் சட்டமியற்றியும், அலபாமா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்கள் 2013இல்தான் இசைந்தன.

ஆயினும் சலுகை மனைக்கு உரியது, மனையில்லாதவருக்கு அன்று. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில், தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டது. விசாரணைக் குழு காரணங்களுள் ஒன்றாக மதுவையும் குறிப்பிட்டது. 2015 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த சட்டம், தீவெங்கும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதி முழுவதற்கும் தடையை நீட்டியது. தம் வீட்டுக்குள் குடிப்பவரை அச்சட்டம் தொடவில்லை. தங்குவிடுதியில் பலரோடு உறைந்து, ஞாயிறன்று திறந்தவெளியில் நண்பரைக் காண்பவரையே அது தொட்டது.

அமைதி காக்கும் கடமை அரசுக்கு உண்டு, அதனை மறுப்பாரில்லை. ஆனால் மரத்தடியில் நின்றவரின் பேரர் வயதுடையோர் இன்று தெருவோரத்தில் நிற்கின்றனர். அன்று அவர்கட்கு மரம் உரிமையில்லை. இன்று மனை இல்லை. மதுச் சட்டம் தளர்ந்தது என்றோ இறுகியது என்றோ எழுதும் வரலாற்று மாணவர், யாருக்குத் தளர்ந்தது, யாருக்கு இறுகியது என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும்.