லத்தியின் பக்கம் நிற்கும் கேமரா

“நாலு போடு போட்டாத்தான் உண்மையைச் சொல்லுவான்.” டீக்கடையிலும் பஸ்ஸிலும் படித்தவர் வீட்டுக் கூடத்திலும் இந்த ஒரே வாக்கியம் எப்படி வந்து விழுகிறது? பொதுப்புத்தி தானாக முளைப்பதில்லை. அதை விதைத்ததில் தொலைக்காட்சிப் போலீஸ் நாடகத்துக்கு எழுபது வருஷத்துக்கும் மேலான வரலாறு உண்டு.

1949இல் வானொலியில் தொடங்கி, 1951 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்த தொடர் ‘டிராக்நெட்’. இயக்கி, நாயகனாகவும் நடித்தவர் ஜாக் வெப். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் தன் வழக்குகளை அவருக்குக் கதையாகக் கொடுத்தது. பதிலுக்கு, எழுதியதைப் பார்த்து ஒப்புதல் தரும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. வில்லியம் பார்க்கர் அங்கே போலீஸ் தலைவராக இருந்த காலம். 1982இல் வெப் இறந்தபோது அந்த நடிகருக்குப் போலீஸ் மரியாதையோடு அடக்கம் நடந்தது. அவர் யார் சார்பில் நடித்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

திரையில் கண்ணியமான போலீஸ். கறுப்பர் தெருவில் வேறு போலீஸ். 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் ஒரு கறுப்பு இளைஞரின் காரை நிறுத்தியதில் கிளம்பிய கொந்தளிப்பு ஆறு நாள் நீடித்தது. 34 பேர் செத்தார்கள். இரண்டே வருஷத்தில், 1967இல், ‘டிராக்நெட்’ வண்ணத்தில் திரும்பி வந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கைதானவரை விசாரிக்குமுன், பேசாமலிருக்கவும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டென்று போலீஸ் சொல்லியாக வேண்டும் என 1966இல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப் புத்தகம் தொடாத சனங்களுக்கும் அதை மனப்பாடம் செய்துவைத்தவை போலீஸ் நாடகங்கள். ஆனால் அங்கே உரிமையைக் கேட்கிறவன் பெரும்பாலும் குற்றவாளி. வக்கீலைக் கூப்பிட்டால் எதையோ மறைக்கிறான். இவன்தான் செய்தான் என்று நமக்கு முன்னமே காட்டிவிடுகிறார்கள். அப்புறம் உரிமை என்பது போலீசின் காலை இடறுகிற கல்தானே?

1991 மார்ச்சில் கேமரா இடம் மாறியது. ரோட்னி கிங் என்ற கறுப்பரை அதே லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் 50க்கும் மேற்பட்ட முறை லத்தியால் அடித்ததை, எதிர்வீட்டுக்காரர் ஒருவர் பால்கனியில் நின்று படம்பிடித்தார். உலகமே பார்த்தது. ஆனால் சிமி வேலி நீதிமன்றத்தில் போலீஸ் தரப்பு வக்கீல்கள் அதே படத்தைத் துண்டுதுண்டாக ஓட்டி, போலீசின் கண்ணால் பாருங்கள் என்றார்கள். ஒரு கறுப்பர்கூட இல்லாத ஜூரிக்கு அப்படிப் பார்ப்பது பழகிய பார்வையாகத்தான் இருந்திருக்கும். 1992 ஏப்ரலில் போலீஸ்காரர்களை விட்டுவிட்டார்கள். நகரம் எரிந்தது.

2001 நவம்பரில் தொடங்கிய ‘24’ அடுத்த படிக்குப் போனது. குண்டு வெடிக்கப்போகிறது, நேரமில்லை, நாயகன் சித்திரவதை செய்கிறான், சில நிமிஷத்தில் உண்மை வருகிறது. 2006 நவம்பரில், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் கல்வித் தலைவர் பாட்ரிக் ஃபின்னகன் அனுபவமுள்ள விசாரணையாளர்களோடு தயாரிப்பாளர்களையே தேடிப்போனார். மாணவர்கள் இதை நம்பிவிடுகிறார்கள், கெடுதல் நடக்கிறது என்றார். சிப்பாய்க்கு வகுப்பெடுப்பவரே திரைக்கதைக்குப் பயந்த நிலை.

2013இல் அதே ‘24’ இந்தியில் வந்தது. அதற்கும் முன்பே, 1998 முதல் இருபது வருஷம் ஓடிய ‘சி.ஐ.டி.’யில் ஓர் அறை விழுந்தால் ஒப்புதல் வாக்குமூலம் வந்துவிடும். உனக்குத் தூக்குத்தான் என்று அதிகாரியே தீர்ப்பும் சொல்லிவிடுவார். சட்டம் என்ன சொல்கிறது? போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது என்றது 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டுக் குலம் குலமாக மனிதர்களைத் திருடர்களென்று எழுதிவைத்த வெள்ளைக்காரன்கூட, மறுவருஷமே போலீஸ் வாங்கும் வாக்குமூலத்தை நம்பவில்லை. நம் வீட்டுக் கூடம் நம்புகிறது.

இந்த நம்பிக்கையின் விலையை யார் கொடுப்பது? காணாமல்போன நகைக்காக முதலில் தூக்கிவரப்படுகிற குறவர், இருளர். ராத்திரியில் ஜீப் நுழைகிற சேரி. அங்கே ஒருவர் லாக்கப்பில் செத்தால், “தப்புப் பண்ணாமயா புடிச்சிருப்பாங்க” என்கிற குரல் பிணம் வீடு வந்து சேருமுன் வந்துவிடுகிறது.

அடுத்த முறை திரையில் அந்த அறை விழும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள்: “இவன் செய்யாதவனா இருந்தா?” அதைக் கேட்க நேரம் விடாமல்தான் காட்சி வெட்டப்பட்டிருக்கும். சேரிக்கு அது ஒவ்வொரு ராத்திரியும் இருக்கிற கேள்வி.