வாலஸின் பந்தயம்: காட்சி, கருதல், உரை

கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புச் சமவெளியில் பழைய பெட்ஃபோர்டு ஆறு என்றொரு கால்வாய் ஓடுகிறது. வெள்ளநீரை வடிப்பதற்காக 17ஆம் நூற்றாண்டில் வெட்டியது. நூல் பிடித்தாற்போல் நேரானது. நீரோட்டம் மிக மெது. 1838ஆம் ஆண்டுக் கோடையில் சாமுவேல் ரோபோத்தம் என்பவர் அதில் இறங்கி, நீர்மட்டத்துக்கு 8 அங்குலம் மேலே கண் இருக்கும்படி நின்றுகொண்டு, கொடி கட்டிய படகொன்று 6 மைல் தொலைவிலிருந்த வெல்னி பாலம்வரை செல்வதைத் தொலைநோக்கியால் பார்த்தார். படகு கடைசிவரை தெரிந்தது. பூமி உருண்டை என்றால் நீர்ப்பரப்பு முதல் மைலில் 8 அங்குலம் தாழும். அதன்பின் தாழ்வு தொலைவின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். அவர் கண்ணின் தொடுவானம் ஒரு மைலில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய 5 மைலுக்குத் தாழ்வு 16 அடிக்கும் அதிகம். கொடியின் உச்சியோ சில அடி உயரந்தான். ஆகவே பூமி தட்டை என்று முடிவுகட்டிய ரோபோத்தம், 1849இல் ‘பாராலக்ஸ்’ என்ற புனைபெயரில் ஒரு சிறுநூலும் 1865இல் அதன் விரிவும் வெளியிட்டார்.

அவர் கணக்கில் பிழையில்லை. கண்ணும் பொய் சொல்லவில்லை. குளிர்ந்த நீரையொட்டிய காற்று அடர்த்தி மிக்கது என்பதால் ஒளி அங்கே கீழ்நோக்கி வளைகிறது. சில வேளைகளில் நீரின் வளைவோடு வளைவாகவே தவழ்ந்து வரும். இதை அவர் கணக்கில் கொள்ளவில்லை.

விந்தையான நம்பிக்கை உடையவர்கள் சான்றைப் புறக்கணிப்பவர்கள் என்பது படித்தவர்களிடையே ஊறிப்போன கருத்து. ரோபோத்தம் வழக்கு அதற்கு இடம் தரவில்லை. சான்று தேடி ஆற்றில் இறங்கிய மனிதர் அவர். சான்று கேட்பதில் அவருக்கிருந்த பிடிவாதம் உருண்டைப் பூமியை நம்பிய அக்காலத்து இங்கிலாந்தின் பெரும்பான்மையோருக்கு இருந்ததில்லை. அவர்கள் பள்ளியில் சொன்னதை நம்பினார்கள், அவ்வளவே.

1870 ஜனவரியில் ரோபோத்தமின் கொள்கையைப் பின்பற்றிய ஜான் ஹாம்டன், ஆறு, கால்வாய், ஏரி எதிலாவது நீர் வளைந்திருப்பதைக் காட்டுபவருக்கு 500 பவுன் பந்தயம் என்று இதழொன்றில் அறிவித்தார். அதை ஏற்றவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ். டார்வினுக்கு இணையாக இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்டடைந்தவர். இளமையில் நிலஅளவையே அவருக்குச் சோறு போட்ட தொழில். நிலவியலறிஞர் சார்லஸ் லயலிடம் யோசனை கேட்டபோது, தெளிவாகக் காட்டிவிட்டால் இவர்கள் வாய் அடங்கும் என்ற பொருளில் அவர் ஊக்கினார். லயலின் இந்த எதிர்பார்ப்பு கவனிக்கத்தக்கது. சான்று வந்தால் நம்பிக்கை போகும் என்ற கொள்கை அதனுள் முழுமையாக இருக்கிறது.

1870 மார்ச் 5ஆம் நாள் சோதனை நடந்தது. நீரையொட்டிய ஒளிவளைவைத் தவிர்க்க வாலஸ் பார்வைக்கோட்டை 13 அடிக்கு மேல் உயர்த்தினார். ஒரு பாலத்தில் தொலைநோக்கி, 6 மைலுக்கு அப்பாலுள்ள பாலத்தில் கறுப்புப் பட்டை தீட்டிய வெள்ளைத் துணி, நடுவழியில் ஒரு கம்பத்தின்மேல் சிவப்பு வட்டத்தகடு. மூன்றும் நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரம். நீர் தட்டையானால் தகடும் பட்டையும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். வளைந்திருந்தால் நடுத்தகடு சுமார் 6 அடி மேலே தெரிய வேண்டும். ஒளிவளைவுக்குக் கொஞ்சம் கழித்தால் 5 அடி. அப்படியே தெரிந்தது. ஹாம்டன் தரப்பு நடுவராக வந்திருந்த அச்சுத்தொழிலாளி வில்லியம் கார்பென்டரும் தொலைநோக்கியில் பார்த்தார். பார்த்ததை வரைந்தும் கொடுத்தார். இரு தரப்பின் படங்களும் ஏறத்தாழ ஒன்றே.

ஆனால் கார்பென்டர் தம் கட்சி வென்றதாக அறிவித்தார். மட்டம் பார்த்து நிறுத்திய தொலைநோக்கியில், குறுக்கிழைக்குக் கீழே நடுத்தகடும், அதற்குக் கீழே அதே இடைவெளியில் தொலைக்குறியும் தெரிந்தன. இடைவெளிகள் சமமாக இருப்பதால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் உள்ளன என்றார். வளைவின் தாழ்வு தொலைவின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். தொலைநோக்கியில் தெரியும் கோணமோ அந்தத் தாழ்வைத் தொலைவால் வகுத்து வருவது. ஆகவே இருமடங்கு தொலைவில் கோணமும் சரியாக இருமடங்காகும். சம இடைவெளிதான் உருண்டைப் பூமி முன்கூட்டிச் சொல்லும் தோற்றம். தட்டைப் பூமியில் தகடும் தொலைக்குறியும் குறுக்கிழையிலேயே இருந்திருக்க வேண்டும். கார்பென்டர் தம் எதிரியின் சான்றைக் கையில் வைத்துக்கொண்டே வெற்றி முழக்கினார். இது நேர்மைக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. நிலஅளவை தெரியாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து எளிதில் வந்தடையும் முடிவுதான்.

பந்தயப் பணத்தை வைத்திருந்த ‘தி ஃபீல்டு’ இதழாசிரியர் வால்ஷ் அதை வாலஸிடம் கொடுத்தார். ஹாம்டன் 15 ஆண்டுகளுக்கு மேல் வாலஸைத் துரத்தினார். அவதூறுக் கடிதங்கள், துண்டறிக்கைகள், வழக்குகள், ஹாம்டனுக்குச் சிறை. பந்தய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்ற காரணத்தால் 1876இல் ஹாம்டனின் 500 பவுனைத் திருப்பித் தரும்படி தீர்ப்பாகியது.

வாலஸ் அறிவியலின் பக்கம் நின்ற வீரர் என்று இங்கே கதையை முடித்துவிட்டால் வசதியாகத்தான் இருக்கும். ஆனால் 1865 ஜூலை முதலே அவர் ஆவியுலகக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் தம் வீட்டு மேசைமேல் பனி படர்ந்த புதுமலர்கள் வந்து விழுந்ததைக் கண்டதாக எழுதினார். 1874இல் ஒரு ‘ஆவிப் புகைப்பட’க்காரர் எடுத்த படத்தில் இறந்த தம் தாயைக் கண்டார். 1876இல், ஆவிகள் சிலேட்டில் எழுதுவதாகக் காட்டிய ஹென்றி ஸ்லேடு லண்டனில் மோசடி வழக்கில் சிக்கியபோது அவர் பக்கம் சாட்சி சொன்னார். ஆவி எழுதத் தொடங்குமுன்பே சிலேட்டைப் பிடுங்கிப் பார்த்து, எழுத்து ஏற்கெனவே இருந்ததைக் கண்டுபிடித்தவர் உயிரியலறிஞர் ரே லங்கெஸ்டர்.

துயரமும் ஆறுதல் தேடலும் இத்தகைய நம்பிக்கைக்குக் காரணம் என்பது உளவியலாரின் வழக்கமான விடை. வாலஸ் விஷயத்தில் காலவரிசை ஒத்துவரவில்லை. அமேசான் பயணத்தில் தம்பி ஹெர்பர்ட் இறந்தது 1851இல். மூத்த மகன் இறந்தது 1874இல். ஈடுபாடு தொடங்கிய 1865 இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. ஆறுதல் தராத நம்பிக்கைகளும் மனிதர்களிடம் ஏராளம். 1934 ஜனவரி 15இல் பீகாரில் நிலநடுக்கம் வந்தபோது, சேதம் அதிகமில்லாத பகுதிகளில், இதைவிடக் கொடிய பேரழிவு வரப்போகிறது என்ற வதந்திகளே பரவின. ஜமுனா பிரசாத் அவற்றைத் திரட்டி 1935இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். ஏற்கெனவே இருந்த அச்சத்துக்குக் காரணம் கற்பிக்கவே அவ்வதந்திகள் எழுந்தன என்று பின்னர் விளக்கம் சொன்னார் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர். அந்த விளக்கம் பீகாருக்குப் பொருந்தலாம். மேசைமேல் பூ விழுந்ததைக் குறித்துவைத்த வாலஸுக்குப் பொருந்தாது.

அறியாமை என்பதும் விடையன்று. அவரது மூன்றாவது நிலைப்பாடு இதைக் காட்டும். குழந்தைப் பருவத்தில் அம்மைப்பால் குத்திக்கொண்டு, அமேசான் போகுமுன் மறுபடியும் குத்திக்கொண்டு, தம் பிள்ளைகளுக்கும் குத்தச் செய்த வாலஸ், 1880களில் அம்மை குத்துதலின் கடும் எதிரியானார். 1898இல் அது ஒரு மாயை, சட்டத்தால் அதைத் திணிப்பது குற்றம் என்று நூல் எழுதினார். அந்நூல் முழுக்கப் பிறப்பு இறப்புப் பதிவுகளின் எண்கள், வரைபடங்கள். இறந்தவர் அம்மை குத்தியவரா என்ற மருத்துவக் குறிப்புகள் நம்பத்தகாதவை என்ற அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. எண்ணறிவு அவரை நம்பிக்கையிலிருந்து மீட்கவில்லை; நம்பிக்கைக்கு அரண் கட்டிக்கொடுத்தது. டான் கஹான் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்விலும், அமெரிக்கர்களிடையே அறிவியலறிவும் எண்ணறிவும் மிக்கவர்களிடத்தில்தான் பருவநிலை மாற்றம் பற்றிய கருத்துப் பிளவு ஆழமாக இருந்தது.

தமிழ்த் தருக்க மரபின் அளவை இயல் இங்கே கைகொடுக்கிறது. அளவைகள் ஆறு என்றும் அதற்கு மேலும் என்றும் சொல்வோர் உண்டு, அனைத்தும் காண்டல் (காட்சி), கருதல் (அனுமானம்), உரை (பிறர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்கிறது சிவஞான சித்தியார். மணிமேகலையின் 27ஆம் காதையில் பூதவாதி காட்சியைத் தவிர வேறெதையும் ஏற்க மறுக்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள் மணிமேகலை. அனுமானத்தால் என்பது அவள் விடை. உரையால் என்று சொல்லியிருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும். பெற்றோர் இன்னார் என்று பிறர் சொல்லித்தானே அறிகிறோம்.

கார்பென்டர், வாலஸ் வழக்குகளை இம்மூன்றில் வைத்துப் பார்த்தால், கால்வாயில் காட்சி இருவருக்கும் ஒன்று. கருதல் வேறுபட்டது. அந்தக் கருதலைச் சரிபார்க்க ஒரு தச்சரோ அச்சுத்தொழிலாளியோ வடிவியலறிந்தவர் சொல்லை நம்பியாக வேண்டும். ஆகவே சச்சரவு கடைசியில் உரையில் வந்து நிற்கிறது: யார் சொல்லைக் கொள்வது? நியாய சூத்திர உரையில் வாத்ஸ்யாயனர் ஆப்தனுக்கு, அதாவது சொல் நம்பத்தக்கவனுக்கு, இரண்டு இலக்கணம் தருகிறார். பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் வேண்டும். முனிவனுக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் இவ்விலக்கணம் பொது என்கிறார்.

விந்தை நம்பிக்கையாளர்கள் இந்த இரண்டில் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதே என் வாதம். வானியலாருக்குப் பதவி இருக்கிறது, மருத்துவருக்கு ஊசிக்கூலி இருக்கிறது. எனவே அவர்கள் சொல் செல்லாது. வாலஸ் ஆவியுலக ஊடகங்களை நம்பியதற்கு அவர் திரும்பத் திரும்பத் தந்த காரணங்களில் ஒன்று, அவர்களில் பலர் காசு வாங்காத தனிமனிதர்கள் என்பது. வஞ்சிக்க நோக்கமில்லாதவர் அறிந்தவராகிவிட மாட்டார்; ஆதாயமுள்ளவர் அறியாதவராகிவிடவும் மாட்டார். இத்துடன் மூன்றாவதாக ஒன்றையும் வாலஸ் சேர்த்துக்கொண்டார். கலிலியோ, ஃபிராங்க்ளின், யங் ஆகியோரை அறிஞர் உலகம் எள்ளியதை எடுத்துக்காட்டி, எள்ளலுக்கு ஆளாவதையே உண்மைக்கு ஓர் அடையாளம்போல் ஆக்கினார். 14 வயதில் பள்ளியை விட்டு, பல்கலைக்கழக வாசலை மிதிக்காமல், உயிரினத் தோற்றத்தின் விடையைத் தாமே கண்டுபிடித்தவருக்கு அப்படித் தோன்றியது இயல்பே. சரியாக இருந்த அனுபவமே அவரைப் பிழைக்கும் இட்டுச்சென்றது.

அப்படியானால் எல்லா நம்பிக்கையும் யாரோ ஒருவர் சொல்லில் நிற்பதுதானே, தட்டைப் பூமிக்கும் உருண்டைப் பூமிக்கும் என்ன வேற்றுமை என்று கேட்கலாம். விடை வாலஸிடமே இருக்கிறது. செவ்வாயில் கால்வாய்களைத் தம் கண்ணால் கண்டதாக வானியலாளர் பெர்சிவல் லோவல் நூல்கள் எழுதினார். 1903இல் வானியலாளர் மான்டர், கோடுகளே இல்லாத புள்ளிப் படங்களைப் பள்ளிச் சிறுவர்களிடம் தொலைவிலிருந்து காட்டி வரையச் சொன்னபோது, பலர் கோடுகளை வரைந்திருந்தார்கள். 1907இல் வாலஸ் லோவலை மறுத்து நூலெழுதியபோது தம் கண்ணை நம்பவில்லை. செவ்வாயின் வெப்பநிலை பற்றி இயற்பியலாளர் பாயின்டிங்கின் கணக்கை நம்பி, நீர் அங்கே ஓட முடியாது என்றார். தமக்குத் தெரியாத துறையில், அத்துறையில் பிறர் சரிபார்க்கும்படி கணக்கை வைத்தவரின் உரையை ஏற்றார். ஸ்லேடின் சிலேட்டுக்கு அப்படிப்பட்ட ஒருவரை, ஒரு செப்படி வித்தைக்காரரை, அவர் தேடவில்லை.

பந்தயம் என்ற வடிவமும் இக்கோணத்தில் மோசமான தேர்வு. 500 பவுன் மேசையில் வைத்த நொடியே வாலஸ் ஆதாயமுள்ள சாட்சியாகிவிட்டார். ஹாம்டன் கடிதங்களில் அவரைத் திருடன், ஏமாற்றுக்காரன் என்று வைதது வெறும் வசையன்று. ஹாம்டன் தரப்பின் அளவுகோல்படி அது ஒரு தருக்கம். கேம்பிரிட்ஜின் யூல் ஓல்டம் 1901இல் பணமில்லாமல் அதே கால்வாயில் வளைவை அளந்தார். 1904இல் தட்டைப் பூமிக் கட்சியின் சீமாட்டி பிளவுன்ட் அங்கே ஒரு புகைப்படக்காரரை அழைத்துவந்து, 6 மைலுக்கு அப்பால் நீரையொட்டித் தொங்கிய துணியைப் படமெடுக்கச் செய்தார். தம் கட்சிக்காரர் அல்லாத சாட்சி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கேமராவை நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும் என்பது புகைப்படத் தொழிலின் அறிவுக்குள் அடங்கியதன்று.

அம்மை குத்துதலில் இதே கேள்வி உயிர்க்கேள்வியாக வந்தது. 1889இல் அமைத்த அரச ஆணையம் 7 ஆண்டுகள் சாட்சியம் கேட்டது. எதிர்ப்பாளர்களுக்கும் அதில் இடமிருந்தது, வாலஸே சாட்சியளித்தார். 1896இல் வந்த அறிக்கை, அம்மை குத்துதல் காக்கிறது என்றது. கூடவே, அந்தக் காப்பு முதல் 9, 10 ஆண்டுகளில் வலுவாக இருந்து பின் மங்குகிறது என்றும், மறுக்கும் பெற்றோரைத் திரும்பத் திரும்பத் தண்டிப்பதை நிறுத்த வேண்டும் என்றும் சொன்னது. வாழ்நாள் முழுதும் காக்கும் என்ற பழைய மருத்துவ வாக்கை அது கைவிட்டது. தம் தரப்புக்குப் பாதகமானதையும் மறைக்காத சாட்சியம் அது. வாலஸ் 1898 நூலில் ஆணையத்தையே சாடினார். மருத்துவர்கள் இதற்கு நடுவராகத் தகாதவர்கள், புள்ளியியலாளரே தகுந்தவர்கள் என்றார். ஆதாயம் இருந்தும் உண்மை சொல்லும் சாட்சியை எடைபோட அவரிடம் படிக்கல் இல்லை.