கேன் ஐ யூஸ்

கேன் ஐ யூஸ் என்பது எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் புதிய வசதிகளை எந்தெந்த உலாவிகள் ஏற்கின்றன என்பதை அட்டவணையாகக் காட்டும் இணையத்தளம் ஆகும். இதனை உருவாக்கியவர் அலெக்சிஸ் டெவேரியா. ஒவ்வோர் உலாவியின் பதிப்புகளும் வரிசைப்படுத்தப்பட்டு, ஆதரவு பச்சையிலும் ஆதரவின்மை சிவப்பிலும் குறிக்கப்படுகின்றன. இதன் தரவுகள் கிட்ஹப்பில் திறந்த உரிமத்தில் உள்ளமையால் எவரும் திருத்தங்களை முன்மொழியலாம்.

உலகப் பயனர்களில் எத்தனை விழுக்காட்டினரிடம் ஒரு வசதி இயங்கும் என்பதும் ஸ்டேட்கவுண்டர் புள்ளிவிவரங்களைக் கொண்டு தரப்படுகிறது. இவ்வெண்ணை மட்டும் நம்பி முடிவெடுத்தல் தவறாகலாம். 95% என்பது இருபது பேரில் ஒருவருக்கு அவ்வசதி இயங்காது எனப் பொருள்படும். பழைய கைபேசிகளைப் பயன்படுத்துவோர் மிகுந்த ஒரு தளத்தில் அவ்வாறு விடுபடுவோர் இன்னும் கூடுவர்.

2023இல் அறிமுகமான பேஸ்லைன் முறை விழுக்காட்டுக்குப் பதிலாகக் காலத்தை அளவுகோலாகக் கொள்கிறது. குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ், சபாரி ஆகிய நான்கும் ஒரு வசதியை ஏற்று 30 மாதங்கள் கழிந்த பின்னரே அது பரவலாகக் கிடைப்பதாகக் கொள்ளப்படும். டபிள்யூ3சி அமைப்பின் சமூகக் குழு ஒன்று வரையறுக்கும் இக்குறியீடு கேன் ஐ யூஸ் அட்டவணைகளிலும் இடம்பெறுகிறது.