வீட்டிலேயே எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்யலாமா? பவர் கம்மின்னா சட்டம் விட்டுடுமா?

மதுரை டவுன்ஹால் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு டிரான்சிஸ்டர், நாலைந்து கெப்பாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி வாங்கி, யூடியூப் பார்த்து சால்டரிங் வைத்தால் சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ரெடி. பக்கத்து வீட்டு ரேடியோவில் நம்ம குரல் கேட்கும்போது வர்ற சந்தோஷமே தனி. அடுத்து என்ன தோணும்? மாடியில் கம்பி கட்டி ஏரியேவை உயர்த்தி, திருவிழாவுக்கு ஊருக்கே பாட்டு போடலாமே என்று தோணும். இங்கேதான் சிக்கல். லைசென்ஸ் இல்லாமல் செய்தால் அது குற்றம்.

பீகாரில் நடந்தது என்ன?

வைஷாலி மாவட்டம் மன்சூர்பூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் ராகவ் மஹதோ. சுமார் 50 ரூபாய் செலவில் கருவி செய்து, மூங்கில் கம்பத்தில் ஆன்டெனா கட்டி, 'ராகவ் எஃப்.எம். மன்சூர்பூர்' என்று ஒலிபரப்பினார். போஜ்புரி பாட்டு, காணாமல் போன குழந்தைகள் பற்றிய அறிவிப்பு, போலியோ, எய்ட்ஸ் விழிப்புணர்வு என்று ஊருக்குத் தேவையானதெல்லாம் அதில் வந்தது. லைசென்ஸ் என்று ஒன்று வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. 2006 மார்ச்சில் அதிகாரிகள் அதை மூடினார்கள்.

அதே ஆண்டு கடைசியில் மத்திய அரசு சமுதாய வானொலிக் கொள்கையைத் தளர்த்தியது. அதுவரை கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த அனுமதி (சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004-லேயே வந்துவிட்டது) தொண்டு நிறுவனங்களுக்கும் கிடைத்தது. ஆனால் தனிநபருக்கு இல்லை. அதாவது ராகவ் இன்றைக்கு முறைப்படி விண்ணப்பித்தாலும் கிடைக்காது. 'காற்றலை பொதுச்சொத்து' என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாட்டில் இது கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது.

தண்டனை எவ்வளவு?

1885 தந்திச் சட்டமும் 1933 வயர்லெஸ் தந்திச் சட்டமும்தான் இதற்கு அடிப்படை. பிந்தைய சட்டப்படி லைசென்ஸ் இல்லாத டிரான்ஸ்மிட்டரை கையில் வைத்திருந்தாலே தப்பு. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இவற்றுக்குப் பதிலாக வந்திருப்பது 2023 தொலைத்தொடர்புச் சட்டம். இது படிப்படியாக அமலுக்குக் கொண்டுவரப்படுகிறது. அனுமதியில்லாமல் நெட்வொர்க் அமைத்தால் சிறை அதே 3 ஆண்டு வரைதான். அபராத உச்சவரம்புதான் 2 கோடி ரூபாய்! அனுமதியோ விலக்கோ இல்லாத ரேடியோ கருவியை வைத்திருந்தால் முதல் முறை 50,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 2 லட்சம் வரை அபராதம்.

'பவர் கம்மிதானே சார்?'

எல்லாரும் கேட்கும் கேள்வி. வைஃபை ரூட்டருக்கு நாம் லைசென்ஸ் வாங்குவதில்லை, உண்மைதான். 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டில்கூட 5 வாட் வரை விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு குறிப்பிட்ட அலைவரிசைக்கும், வகை ஒப்புதல் பெற்ற கருவிக்கும்தான். வீட்டில் சால்டரிங் வைத்த போர்டுக்கு ஒப்புதல் ஏது?

காரணம் இல்லாமலும் இல்லை. ஒற்றை டிரான்சிஸ்டர் சர்க்யூட் சூடானால் அலைவரிசை நகரும். எஃப்.எம். பேண்ட் முடியும் 108 மெகாஹெர்ட்ஸுக்கு அடுத்தே விமானங்களுக்கு ஓடுபாதை காட்டும் சிக்னல்கள் தொடங்குகின்றன. மதுரையில் விமான நிலையம் இருப்பது நகரை ஒட்டிய பெருங்குடி, அவனியாபுரம் பக்கம். மாடியில் ஆன்டெனா வைத்தால் நாம் நினைப்பதைவிட தூரம் போகும்.

ஆசை இருந்தால் என்ன வழி?

ஊருக்கான ஸ்டேஷன்தான் வேண்டும் என்றால், பதிவு செய்து குறைந்தது 3 ஆண்டு ஆன தொண்டு நிறுவனம், கல்லூரி அல்லது வேளாண் அறிவியல் நிலையம் மூலம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். 100 வாட் வரை கதிர்வீச்சு சக்தி அனுமதி. அரசியல் கட்சிகளுக்கு இடமில்லை.

கருவி செய்வதில்தான் ஆர்வமா? ஹாம் ரேடியோ இருக்கு. 12 வயது நிரம்பியிருந்தால் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கோட் தேவையில்லை. பாஸானால் 'வி.யு.3' என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும்; சொந்தமாகச் செய்த டிரான்ஸ்மிட்டரில் சட்டப்படியே பேசலாம். அதில் பாட்டு மட்டும் போட முடியாது.